நீலக் கவுனும் ஐம்பத்திரண்டு குண்டூசிகளும்

ஆஸ்திரேலியாவில் எங்கள் ஊரின் ஒரே துணிக்கடையில் பழங்குடிப் பெண்கள் கவுன் வாங்கலாம். போட்டுப் பார்க்கக் கூடாது. இதனை எவரும் பலகையில் எழுதி மாட்டவில்லை. எழுதியிருந்தால் அழிக்கவாவது முடிந்திருக்கும். கண்ணளவில் வாங்கிச் செல்லவேண்டும். பொருந்தாவிட்டால் திருப்பித் தரவும் இயலாது. எங்கள் பெண்களின் உடல் பட்ட துணியை வெள்ளைக்காரச் சீமாட்டிகள் தொடமாட்டார்களாம்! அந்தச் சீமாட்டிகளின் கவுன்களையெல்லாம் இடுப்புப் பிடித்து, விளிம்பு மடித்துத் தைத்தவள் யார்? என் மைத்துனி எல்வி. அதே கடையின் உடைமாற்றும் அறையில், வாயில் குண்டூசிகளுடன் பதினோர் ஆண்டுகள் மண்டியிட்டவள் அவள்.

பழங்குடிகளான எங்களையும் நாட்டின் மக்கள்தொகையில் சேர்த்து எண்ணலாமா என்று கேட்ட அறுபத்தேழாம் ஆண்டு வாக்கெடுப்புக்கு முன், சிட்னியில் நடக்கவிருந்த கூட்டத்தில் பேச எல்வியை அழைத்திருந்தார்கள். முந்தைய ஆண்டு கண்ணளவில் வாங்கிய கவுன், தேவாலயத்தில் அவள் கையுயர்த்தியபோது அக்குளில் கிழிந்தது. இம்முறை கடையிலிருந்த நீலக் கவுனைப் போட்டுப் பார்த்தே வாங்குவதென்று அவள் உறுதிகொண்டாள்.

"நீயே ஒண்ணு தைச்சுக்கலாமேக்கா?" என்று கேட்டாள் அவளுடைய தங்கையும் என் மனைவியுமான பெரில்.

"தைக்கத் தெரியாமலாடி கேக்குறேன்? ஊர்ல எல்லாரும் பண்றத நானும் ஒரு தடவ பண்ணிப் பாக்கணும்."

அதற்கென அவள் தேர்ந்தெடுத்த நாளன்று மாலை நகர மண்டபத்தில் நடன விருந்து. மேயரின் மனைவி திருமதி ஹாலம், இறுதி அளவுக்காக அறைக்குள் நின்றிருந்தார். எல்வி அவருடைய கவுனின் முதுகுப்புறம் முழுவதையும் ஐம்பத்திரண்டு குண்டூசிகளால் இணைத்தாள். பின்னர் எழுந்து, கடைக்குள் வந்து, நீலக் கவுனைக் கையில் எடுத்தாள்.

"மிஸஸ் டிரான்டர், இதப் போட்டுப் பாத்துட்டு வந்து மிச்சத்தத் தைக்கிறேங்க."

கடைக்காரி திருமதி டிரான்டர் வெளிறிப்போனார். "எல்வி, விளையாடாத. வழக்கம் தெரியுமில்ல உனக்கு?"

"தெரியுங்க. அதான் கேக்குறேன்."

"முடியாது!"

"சரிங்க. அப்ப நான் வீட்டுக்குப் போறேன்."

அறைக்குள்ளிருந்து குரல் வந்தது: "அடியே, என்னைய யாரு கழட்டிவிடுறது?"

"அசையாதீங்க மேடம், குத்தும்!" என்றாள் வாசலருகே நின்ற பெரில், மிகுந்த அக்கறையுடன்.

திருமதி ஹாலம் கைகளை விரித்தபடி, பக்கவாட்டில் அடிமேல் அடிவைத்து வெளியே வந்தார். "டிரான்டர், ஏழு மணிக்கு பேண்டு வாசிக்க ஆரம்பிச்சிருவான். என்னால உக்காரவும் முடியல, குனியவும் முடியல. அவ ஒரு கவுனப் போட்டுப் பாத்தா உன் கூரையா இடிஞ்சு விழும்? விடு அவள!"

எல்வி உள்ளே சென்று திரையை இழுத்துக்கொண்டாள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். மேயரின் மனைவி பொம்மைபோல் நின்றார். எல்வி வெளியே வந்து பெரிய கண்ணாடிமுன் நின்றாள். முன்னும் பின்னும் திரும்பினாள். இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தினாள். எங்கும் கிழியவில்லை.

"ராணியாட்டம் இருக்கேக்கா!" என்று கூவினாள் பெரில்.

எல்வி மறுபடி உள்ளே சென்று தன் பழைய உடையில் திரும்பிவந்து, நீலக் கவுனை இருந்த இடத்திலேயே மாட்டினாள்.

"கழுத்து நல்லால்ல. வேணாங்க."

"வேணாமா?" திருமதி டிரான்டருக்கு மூச்சு வாங்கியது. "அப்புறம் எதுக்குடி போட்டுப் பாத்த?"

"நல்லாருக்கா இல்லையான்னு பாக்கத்தாங்க," என்று சொல்லிவிட்டு, வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டு மண்டியிட்டாள் எல்வி. "பெரில், நீ அந்தப் பச்சைக் கவுன எடுத்துட்டு உள்ள போ. ரூம் காலியாத்தான் இருக்கு."