பின்சீட்டில் மூன்று பேர்

நான்காவது தடவையாகவும் வண்டி அவரை ஏமாற்றிவிட்டது. புறவழிச்சாலை வரை ஓட்டிப்போய், எண்பதைத் தொட்டு, அறுபதுக்கு இறக்கி, மறுபடி ஏற்றி, நியூட்ரலில் தள்ளி, கண்ணாடிகளை இறக்கிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுப் பார்த்தார் மெக்கானிக். இருபத்திரண்டு வயது டீசல் கார், தனக்கே உரிய கடகட சத்தத்தோடு, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி சமர்த்தாக ஓடியது. ஸ்டியரிங்கில் ஓர் ஆட்டம் இல்லை, சீட்டில் ஒரு துடிப்பு இல்லை. திரும்பி வந்து பட்டறை வாசலில் நிறுத்தியபோது, மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்த சம்பந்தி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"ஒண்ணுமே வரலையே, சம்பந்தி."

"வரும்போது வந்துச்சே. இப்பதான், பாலம் தாண்டினதும். இவங்க ரெண்டு பேரும் சாட்சி."

அவர் சொன்ன இரண்டு பேரில் ஒருத்தி மெக்கானிக்கின் ஒரே மகள், இன்னொருவர் அவளுடைய மாமியார். இருவரும் பட்டறைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள் போய், மெக்கானிக்கின் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரத்துக்கு முன் இந்த வண்டி கிடுகிடுவென்று ஆடியிருக்கிறது. இவர் கை பட்டதும் அடங்கிவிட்டது. பேய் பிடித்தவர்களைத்தான் இப்படிச் சொல்வார்கள், டாக்டரிடம் போனால் ஒன்றுமே இருக்காது என்று. இவருக்கு மண்டை காய்ந்தது.

இத்தனைக்கும் அந்தத் தெருவில் அவருக்குப் பெயரே காதுக்காரர் என்பதுதான். வண்டி தெருமுனை திரும்பும்போதே, பின் சக்கர பேரிங் போச்சு என்று உள்ளே இருந்து குரல் கொடுப்பார். மகள் கல்யாணமாகிப் போன வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லியே மாய்ந்திருக்கிறாள். எங்கப்பா கழட்டிப் பாக்கவே மாட்டார் அத்தை, காத வெச்சே சொல்லிடுவார். இப்போது அதே அப்பா ஒரு மாதமாக டயரை மாற்றிப் போட்டு, வீல் பேலன்சிங் பார்த்து, என்ஜின் மவுண்டிங்கைப் புதிதாக்கி, கடைசியில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்.

அதுகூடப் பரவாயில்லை. தன் மூக்கு உடைந்தால் ஒட்டிக்கொள்ளலாம். இதில் வேறு ஒரு முள் இருந்தது. கல்யாணம் முடிந்து எட்டு மாதம். வண்டி ஆட ஆரம்பித்ததும் எட்டு மாதம். சம்பந்தியம்மாவின் அக்கா ஒரு நாள் விருந்துக்கு வந்தவர், காரில் போகும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "இத்தனை வருஷம் நல்லாத்தானே ஓடுச்சு? மருமக வந்த நேரம் போல" என்று சொல்லிவிட்டார். வேடிக்கையாகத்தான் சொன்னார். மகளும் போனில் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அந்தச் சிரிப்பு கொஞ்சம் சீக்கிரமே முடிந்துவிட்டது. அது காதுக்காரருக்குத் தெரியாமல் போகுமா? சம்பந்தி இந்த வாரம் வண்டியை விற்றுவிடுவதாக முடிவு செய்திருந்தார். கோளாறு தெரியாமலே வண்டி போய்விட்டால் அந்தப் பேச்சு மட்டும் வீட்டில் தங்கிவிடும். நாளைக்கு மிக்சி கெட்டாலும், குழாய் ஒழுகினாலும் மருமகள் வந்த நேரம்தான்.

சம்பந்தி சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து நீட்டினார். முப்பத்தைந்து வருடம் சர்வேயராக நிலம் அளந்தவர். ஓய்வு பெற்ற பிறகு அளக்க நிலம் இல்லாததால் கையில் கிடைத்ததையெல்லாம் அளந்துகொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கேன். உங்களுக்கு உதவுமான்னு பாருங்க."

முதல் தடவை நீட்டியபோது மெக்கானிக் அதை மரியாதையாகப் புரட்டிவிட்டு மரியாதையாகவே திருப்பிக் கொடுத்திருந்தார். என்ஜினைப் புரிந்துகொள்ள நோட்டு எதற்கு? இன்றைக்கு வேறு கதி இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். மணி மணியான கையெழுத்து. "ஞாயிறு. எழுபத்திரண்டில் ஆரம்பம், எண்பத்தைந்தில் அடங்கியது. புதன். இல்லை. சனி. இல்லை. ஞாயிறு. உண்டு, பலமாக." டேங்கில் எவ்வளவு டீசல், சாலை ஈரமா காய்ந்ததா, காற்று எந்தப் பக்கம் அடித்தது, எல்லாம் இருந்தது. அடேயப்பா, மனுஷன் காற்றைக்கூட விடவில்லையே என்று நினைத்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினார். ஞாயிறு, உண்டு. வியாழன், இல்லை. ஞாயிறு, உண்டு. விரல் அப்படியே நின்றது.

"சம்பந்தி, புதன்கிழமை எங்க போவீங்க?"

"நூலகத்துக்கு."

"யார் யாரு?"

"நான் மட்டுந்தான். என் கூட நூலகத்துக்கு யார் வருவா?"

"ஞாயித்துக்கிழமை?"

"எல்லாரும் போவோம். நான், அவ, பையன், மருமக." சொல்லிக்கொண்டே வந்த சர்வேயர் பாதியில் நிறுத்தினார். கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் விரிந்தன. காற்றை எழுதியவர், காருக்குள் யார் இருந்தார்கள் என்பதை ஒரு வரிகூட எழுதவில்லை.

மெக்கானிக் நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டார். கிரீஸ் ஒட்டிக்கொண்டது. எத்தனை பெரிய மடத்தனம்! வேறு யாராவது வாடிக்கையாளர் இந்தக் கோளாறோடு வந்திருந்தால், ஏறுங்க, எங்க ஆடுதுன்னு காட்டுங்க என்று கூடவே உட்காரவைத்து ஓட்டியிருப்பார். வந்தவர் சம்பந்தி. பெண் கொடுத்த இடம். அவரைப் புழுதியில் அலைக்கழிப்பதா என்று, வந்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, விசிறியைத் திருப்பி வைத்து, டீ சொல்லி, செய்தித்தாளைக் கையில் கொடுத்து, நீங்க உக்காருங்க சம்பந்தி, நான் பாத்துட்டு வரேன் என்று நாலு தடவையும் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். மரியாதை மரியாதை என்று ஒரு மாதம் வீணாய்ப் போனது.

"பின்னால பாரம் ஏறினாத்தான் வருது!" குரல் தெருவுக்கே கேட்டது. "வாங்க, எல்லாரும் வாங்க!"

பெண்கள் மூவரும் என்னவோ ஏதோ என்று வெளியே ஓடி வந்தார்கள். வந்தவர்களைப் பார்த்ததும் மெக்கானிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சம்பந்தியம்மா கொஞ்சம் தாட்டியானவர். பாரம் வேண்டும், நீங்கள் ஏறுங்கள் என்று ஒரு சம்பந்தியிடம் எப்படிச் சொல்வது?

"வந்து... பின்னாடி கொஞ்சம்... ஆள் இருந்தா நல்லாருக்கும்னு..."

"கொஞ்சமா?" என்றாள் அவர் மனைவி. "இவர் எதையோ மென்னு முழுங்குறார் சம்பந்தியம்மா."

சம்பந்தியம்மா சிரித்துவிட்டார். "என் எடையத்தான கேக்கறீங்க? தாராளமா எடுத்துக்கங்க. டாக்டர் அதைக் குறை குறைன்னு உயிரை வாங்குறார். இன்னைக்குத்தான் அது ஒரு காரியத்துக்கு ஆகுது."

பின்சீட்டில் மூன்று பேர். முன்னால் சர்வேயர், நோட்டும் பேனாவுமாக. வண்டி புறவழிச்சாலையில் ஏறியது. சர்வேயர் வேகமுள்ளைப் பார்த்து, நிலத்தில் சங்கிலி இழுத்தவர் அடி எண்ணுவது போலச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"அறுபத்தெட்டு. எழுபது. எழுபத்தொண்ணு..."

முதலில் சாம்பல் கிண்ணத்தின் மூடி கிணுகிணுத்தது. அப்புறம் காலடியில் ஒரு ரீங்காரம் எழும்பி, சீட்டில் ஏறி, முதுகுத்தண்டு வழியாகத் தாடைக்கு வந்து சேர்ந்தது. எழுபத்தெட்டில் வண்டி முழுக்கத் தடதடவென்று உதறியது.

"வந்துருச்சு!" என்று கத்தினார் மெக்கானிக். "வந்துருச்சு, வந்துருச்சு! என் ராசா, இத்தனை நாள் எங்கடா போயிருந்த?"

"சொ-ன்-னே-ன்-ல" என்றார் சம்பந்தியம்மா. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நடுங்கி வந்தது. அதைக் கேட்டு மகள் சிரிக்க, அவள் சிரிப்பும் நடுங்க, அம்மாக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்க, வண்டி ஆடுவது போதாதென்று இவர்களும் சேர்ந்து ஆட்டினார்கள். மெக்கானிக் நியூட்ரலில் தள்ளினார். என்ஜின் சத்தம் தணிந்தது. உதறல் தணியவில்லை.

"என்ஜின் இல்ல! எழுதுங்க சம்பந்தி, என்ஜின் இல்ல!"

"எழுதிட்டேன், எழுதிட்டேன்! கோடு கோணலாப் போகுது, ஆனா எழுதிட்டேன்!"

சாலையோர மரநிழலில் மூன்று பெண்களையும் இறக்கிவிட்டு ஒரு சுற்று போனார்கள். வழுவழுவென்று ஓடியது. திரும்ப ஏற்றிக்கொண்டு போனார்கள். தடதடத்தது. சம்பந்தியம்மா, இன்னொரு வாட்டி போலாமா என்று கேட்டார். மெக்கானிக்கு மகளின் கல்யாணத்தன்றுகூட இவ்வளவு சந்தோஷமாக இருந்ததாக நினைவில்லை. அன்றைக்குச் சிரிக்க எங்கே நேரம் இருந்தது?

பட்டறைக்கு வந்ததும் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, அட்டையை விரித்து, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் புகுந்துவிட்டார். இப்போது அவருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும். கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டு. இரண்டு துண்டு. ஒன்றுக்குள் ஒன்று பல்லோடு பல் பொருந்தி உட்கார வேண்டும். பாரம் இல்லாதபோது தண்டு கிட்டத்தட்ட நேராக இருக்கும், தப்பு இருந்தாலும் மன்னித்துவிடும். பின்பக்கம் தாழ்ந்து வளைவு கூடினால் மன்னிக்காது. போன மாதமே தண்டின் இரு முனைகளையும் கையால் ஆட்டிப் பார்த்து, கிராஸ் என்கிற மூட்டு நன்றாக இருக்கிறது என்று விட்டிருந்தார். இரண்டு துண்டும் சேரும் இடத்தைப் பார்க்கவில்லை. அங்கே சேறும் கிரீஸும் ஓடு மாதிரி இறுகிக் கிடந்தன. அதைச் சுரண்டித் துணியால் துடைத்தார்.

இரும்பில் ஒரு சின்னப் புள்ளி தெரிந்தது. பஞ்ச் உளியால் தட்டி வைத்த புள்ளி. மற்ற துண்டில் அதன் ஜோடிப் புள்ளி. நேருக்கு நேர் நிற்க வேண்டியவை, இரண்டு பல் தள்ளி நின்றன.

அது அவர் வைத்த புள்ளி. கழற்றும் முன் அடையாளம் வைக்காமல் அவர் எதையும் கழற்றியதில்லை. இந்தத் தண்டைக் கழற்றி வண்டிக்குக் கிளட்ச் பிளேட் மாற்றியது எப்போது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு. அன்று மதியம் மகள் சாப்பாடு கொண்டு வந்தாள். பழைய டயர் மேல் உட்கார்ந்துகொண்டு, "இனிமே யாருப்பா உங்களுக்கு சாப்பாடு கொண்டு வருவா?" என்று கேட்டாள். வண்டிக்கு அடியில் கிடந்தவர், கண்ணில் கிரீஸ் பட்டுவிட்டது என்று சொல்லித் துடைத்துக்கொண்டே தண்டை உள்ளே தள்ளினார். பல் பிடித்துக்கொண்டது. புள்ளியைப் பார்த்தாரா? பார்த்ததாகத்தான் எட்டு மாதமும் நம்பிக்கொண்டிருந்தார்.

வெளியே நான்கு ஜோடிக் கால்கள் வரிசையாகக் காத்திருந்தன. சம்பந்தியின் பளபளக்கும் ஷூ, அதற்குப் பக்கத்தில் மகளின் செருப்பு. அவள் கட்டைவிரல் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

"கிடைச்சுதாப்பா?" என்றாள்.

பல் தேஞ்சு நகந்துருச்சு என்று சொல்லலாம். அரை மணியில் சரியாக மாட்டிவிடலாம். காதுக்காரர் காதுக்காரராகவே இருப்பார். பல் ஏன் அந்த நேரம் பார்த்து நகர்ந்தது என்று ஒருவர் கேட்பார், மருமக வந்த நேரம் என்று இன்னொருவர் சிரிப்பார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சம்பந்தி, கொஞ்சம் உள்ள வர்றீங்களா?"

"என்னங்க இது, வெள்ளைச் சட்டையோட போய்..." என்று மெக்கானிக்கின் மனைவி பதறினாள். சர்வேயர் அதற்குள் ஷூவைக் கழற்றிவிட்டார். யார் வீட்டுக்குள்ளோ நுழைவது போல அதை ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, முனகிக்கொண்டே மல்லாந்து, முழங்கையால் ஊர்ந்து உள்ளே வந்தார். இருவரின் தோளும் ஒட்டிக்கொண்டன. கல்யாண மண்டபத்தில்கூட இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்ததில்லை.

"இந்தப் புள்ளியும் அந்தப் புள்ளியும் நேரா நிக்கணும்."

"நிக்கலையே. யார் வெச்ச புள்ளி?"

"நான் வெச்சது. தப்பா மாட்டினதும் நான்தான், சம்பந்தி. கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி. வேற யாரும் காரணமில்ல." கடைசி வரியை வெளியில் நிற்கும் செருப்புக்குக் கேட்கும்படி கொஞ்சம் உரக்கவே சொன்னார். கட்டைவிரல் தட்டுவதை நிறுத்தியது.

சர்வேயர் பேனாவைத் தண்டின் மேல் ஒரு புள்ளிக்கு நேராக நிறுத்தி, ஒரு கண்ணை மூடி, மற்றப் புள்ளியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இருபது டிகிரி இருக்கும்."

"இருக்கும்."

படுத்தபடியே நோட்டை மூக்குக்கு மேலே பிடித்து அதை எழுதினார். தேதி போட்டார். பிறகு, காருக்கும் தரைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்த அந்த இடுக்கைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்.

"ஏம்மா, உங்க அக்காவுக்கு ஒரு போன் போடு."

"இப்பவா? என்னன்னு சொல்ல?" என்றார் சம்பந்தியம்மா.

"வண்டி ஆடினதுக்கு நேரம் காரணமில்லையாம், பல்லுதானாம்னு சொல்லு. எவ்வளவு டிகிரின்னு கேட்டா என்கிட்ட குடு."

மகளின் செருப்பு சட்டென்று திரும்பி, இரண்டு எட்டு வீட்டுப் பக்கம் போய், நின்று, மறுபடி ஓடி வந்தது. மெக்கானிக் முதல் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினார். சம்பந்தி டார்ச்சை வாங்கிப் பிடித்துக்கொண்டார். வெளிச்ச வட்டம் இரண்டு புள்ளிகளின் மேலும் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. ஆடாமப் பிடிங்க சம்பந்தி என்று சொல்லத் திரும்பினார் மெக்கானிக். மனுஷன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, சத்தமே இல்லாமல், வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.