நுளம்புக் கடி

"காலத் தூக்கிப் புடி மனே, தண்ணி கீழால போகட்டும்" என்றார் அசனார் லெப்பை.

நௌஷாட் இறந்து கிடந்த மாமனாரின் வலது காலைத் தூக்கிப் பிடித்தான். விறாந்தையைச் சுற்றிக் கட்டிய சேலைகளுக்குள் அவர்கள் இருவரும் மையத்தும் மட்டும்தான். விடாத மழையில் வளவெல்லாம் வெள்ளம். குளிப்பாட்டிய தண்ணீர் படியால் வழிந்து அதோடு போய்ச் சேர்ந்தது. வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லாமல் பெண்கள். அவர்களுக்கு நடுவில் அவன் மனைவி றிஸ்லா வாப்பாவைச் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள்.

குதிக்காலுக்குச் சற்று மேலே இரண்டு புள்ளிகள் இருந்தன.

வேறு யார் கண்ணிலும் அவை பட்டிருக்காது. இப்படி நுணுக்கமாகப் பார்ப்பதுதான் நௌஷாட்டின் பிழைப்பே. ஓட்டமாவடியில் காருக்குப் பொலிஷ் போடுகிறவன். நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்ப்பது மாதிரி ஒரு சின்ன லென்ஸ் எந்நேரமும் அவன் சட்டைப் பையில் கிடக்கும். பெயின்டில் சந்தேகம் வந்தால் முதலில் ஈரப் பஞ்சால் துடைப்பான். அழிந்தால் அழுக்கு, அழியாவிட்டால் கீறல்.

ஈரப் பஞ்சால் துடைத்தான். அழியவில்லை.

லெப்பை கற்பூரம் கரைக்கத் திரும்பியதும் லென்ஸை எடுத்தான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளைகள். இடையில் ஒரு நெல்லின் நீளம்கூட இல்லை. வீக்கமும் இல்லை, சிவப்பும் இல்லை. வயல் வட்டையில் காவலுக்குப் படுத்த ஒருவர் போன மாரியில் இப்படித்தான் போனார். எண்ணெய் விரியன் பாம்பு. நித்திரையில் கடிக்கும், கடித்தது தெரியாது. விடியுமுன் வயிறு நோகும், கண் இமை தானாக விழும்.

மாமனார் ஆதம்பாவா நெஞ்சு வருத்தக்காரர். சுபஹுத் தொழுகைக்கு முன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தவர், "கண் இமையத் தூக்க ஏலாமக் கிடக்கு புள்ள" என்று மகளிடம் சொன்னார். றிஸ்லா இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நெஞ்சுதான் என்று ஊரே சொன்னது. இரவு அவர் படுத்தது வளவின் மேட்டில் இருந்த நௌஷாட்டின் கராஜில், பொலிஷுக்கு வந்த கறுப்புக் கார் பக்கத்தில். யாரோ ஒரு முதலாளி வீட்டு மாப்பிள்ளை போகப்போகிற கார் அது. வெள்ளத்துக்குப் பயந்த நாய்கள் மேட்டுக்கு வந்து கார்மேல் ஏறிக் கீறிவிடும் என்று, யாரும் சொல்லாமலே பாயை எடுத்துக்கொண்டு போனார் மனிதர். மேட்டுக்கு வந்தது நாய் மட்டுமில்லை.

நௌஷாட் லென்ஸை லெப்பையிடம் நீட்டினான். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"நுளம்பு" என்றார், ஏதோ ஒரு கொசு கடித்துவிட்டுப் போனது மாதிரி.

"லெப்ப, இது வந்து..."

"நுளம்புக் கடி மனே. நான் கண்டது அதத்தான்." குரலைத் தாழ்த்தினார். "இப்ப நீ வாயத் திறந்தா பொலிஸ் வரும். ஆசுபத்திரிக்குக் கொண்டு போய் வெட்டுவாங்க. இந்த வெள்ளத்துக்குள்ள எப்பத் திருப்பித் தருவாங்க?"

துணியை இழுத்துக் காலை மூடினார்.

அப்போது கராஜ் பக்கமிருந்து பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. நௌஷாட் சட்டென்று திரும்பினான். மாமனாரின் கால் கைநழுவிப் பலகையில் இடித்தது.

"மெள்ள! மையத்துக்கும் நோகும்."

"லெப்ப, புள்ளையளக் கராஜுக்குள்ள விட்டிரிக்காங்க!"

லெப்பை அவன் முகத்தைப் பார்த்தார். "ஓடு. மிச்சத்த நான் பாக்கன்."

வெள்ளத்தில் இறங்கினான். மிதந்து வந்த ஒவ்வொரு தென்னை ஈர்க்கும் அவனுக்கு விரியனாகத் தெரிந்தது. கராஜில் மகள் நஸ்ஹாவும் பக்கத்து வீட்டுச் சின்னதுகள் இரண்டும் வெறுங்காலோடு நின்று விளையாடுவார்கள் என்று பயந்துகொண்டே போனான். நஸ்ஹா நிற்கவில்லை. மாமனார் படுத்த பன்பாயை யாரோ சுருட்டி மூலையில் போட்டிருந்தார்கள். அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தாள்.

சத்தம் போடாமல் போய், அவளை அள்ளிக் கார் பொனட்டில் வைத்தான். மற்ற இரண்டையும் தூக்கிக் கூரைமேல் ஏற்றினான். காரில் ஈ உட்கார்ந்தாலே கத்துகிறவன் இவன். பிள்ளைகள் கண்ணை விரித்து அவனைப் பார்த்தன.

"வாப்பா, கோடு விழும்." நஸ்ஹா கொலுசுக் கால்களைக் காரில் படாமல் அந்தரத்தில் பிடித்திருந்தாள்.

"காலத் தூக்கி மேல வை மகள். தொங்கப் போடாத."

அவள் கால்களை இழுத்தாள். கொலுசு கறுப்புப் பெயின்டில் இழுபட்ட சத்தம் கேட்டது. நௌஷாட் திரும்பிப் பார்க்கவில்லை. மூலையில் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்தான். துணிக் குவியலைக் குத்தினான், பெட்டிகளைத் தள்ளினான். ஒன்றுமில்லை. மிச்சம் இருந்தது பாய்தான். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். நௌஷாட் ஒற்றை ஆள். பாயை விரிக்கக் கை வரவில்லை. கம்பியை ஓங்கியபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

எவ்வளவு நேரம் நின்றானோ, றிஸ்லா முக்காட்டோடு தண்ணீரை மிதித்துக்கொண்டு வந்தாள்.

"இஞ்ச என்ன செய்றீங்க? கபன் துணி சுத்தியாச்சு. கடைசியா முகம் பாக்கக் கூப்பிடுறாங்க..."

பேச்சு பாதியில் நின்றது. கார்மேல் இருந்த பிள்ளைகளைப் பார்த்தாள். கம்பியைப் பார்த்தாள். பாயைப் பார்த்தாள்.

"கண் இமையத் தூக்க ஏலாம..." என்று தொடங்கியவள் அதையும் முடிக்கவில்லை.

நௌஷாட் ஓமென்று தலை குனிந்தான்.

"லெப்பைக்குத் தெரியுமா?"

"நுளம்பு எண்டு சொன்னாரு."

மழை மறுபடி வலுத்துத் தகரக் கூரையில் கொட்டியது.  றிஸ்லா கிட்ட வந்து அவன் கையிலிருந்த கம்பியைப் பிடுங்கினாள்.

"நீங்க போங்க. தலப்பக்கம் மருமகன்தான் புடிக்கணும்."

"நீ வாப்பாட முகத்தப் பாக்கல்லியா?"

"போங்க எண்டு சொன்னன்."

மையத்தை வைத்த சந்தூக்கின் முன்பக்கம் நௌஷாட்டின் தோளில் ஏறியது. வெள்ளத்தில் எல்லாரும் தடவித் தடவிக் கால் வைத்தார்கள். கலிமா ஓதிக்கொண்டே கராஜைக் கடந்தார்கள். ஆதம்பாவாவை அவருடைய ஒரே மகளின் முன்னால்தான் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கறுப்புக் காரின்மேல் மூன்று பிள்ளைகளும் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். றிஸ்லா அவர்களுக்கு முன்னால் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து நின்றாள். சந்தூக்கு வாசல் படலையைத் தாண்டும் வரைக்கும் அவள் பாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.