மன்றத்தில் கொடுத்த வெற்றிலை

பாவாடை சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாக நான் இங்கிலீஷில் எழுதினேன். அதற்கு இருநூறு பேர் கை தட்டினார்கள். முதலிலேயே இதைப் போட்டு உடைத்துவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொன்னால் என் மேல் எனக்கே இரக்கம் வந்துவிடும். அந்த இழவு வேண்டாம்.

அறுபத்து நான்காம் வருஷம். நெய்வேலி டவுன்ஷிப்பில் நான் ஸ்டெனோ. சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். சேர்ந்து மூன்று வருஷம் ஆகியும் வேலை பெர்மனென்ட் ஆகவில்லை. அந்த ஆர்டர் என் அதிகாரி சிங்காரவேலு சாரின் மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. தினமும் காலையில் அது இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் என் நாற்காலியில் உட்காருவேன்.

மெட்ராஸில் அப்போது ஒரு சர்வதேசப் பாடவகுப்பு நடந்தது. 'நவீன சமுதாயத்தில் மதம்' என்பது பாடம். பதினோரு நாடுகளிலிருந்து வந்த இருபத்திரண்டு பேர் ஆறு வாரம் தங்கிப் படித்தார்கள். மெஷின் வந்த ஊரில் சாமி என்ன ஆகிறார் என்று நேரில் பார்க்க எங்களிடம் வருவதாக ஏற்பாடு. சனிக்கிழமை சாயங்காலம் மனமகிழ் மன்றத்தில் அவர்களுடைய பேராசிரியை, ஹாலந்துக்கார அம்மாள், பொதுச் சொற்பொழிவு செய்வதாக இருந்தது. நிலக்கரிக்காக ஊரைக் காலி செய்த ஒருவரின் வாக்குமூலத்தை மேடையில் படிக்க வேண்டும், அவரும் மேடையில் இருக்க வேண்டும் என்று அந்த அம்மாள் முன்கூட்டியே எழுதியிருந்தார்.

"கருணாகரன், நல்ல ஆளாப் பாத்துக் கூட்டிட்டு வாங்க. வம்புக்காரன் வேண்டாம்" என்றார் சிங்காரவேலு சார். கம்மாபுரம் பக்கம் நில விவகாரம் புகைந்துகொண்டிருந்த சமயம் அது.

எனக்குத் தெரிந்த நல்ல ஆள் பாவாடைதான். எங்கள் பிளாக்கில் காண்டிராக்டில் சாக்கடை வெட்ட வருவார். அவருடைய ஊர் மைன்ஸுக்குள் போய்விட்டது. அங்கே கூலிக்காரர் தெருவின் வீரனாருக்கு அவர்தான் பூசாரி. அப்போதெல்லாம் அவரை அவன் இவன் என்றுதான் பேசுவேன். இப்போது அப்படி எழுதக் கை வரவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் குவார்ட்டர்ஸுக்கு வரச் சொல்லி, நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாற்காலி போட்டும் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார்.

"எழுதிக்குங்க சார். ஊரு காலி பண்ணிகினு வந்தப்போ சூலத்த மட்டும் புடுங்கியாந்தோம். மண்ணு எடுக்கல. எடுத்தா எறக்கி வெக்க எடம் வேணுமில்ல? மூணு வாட்டி எங்க வூட்ட மாத்துனாங்க. சாமிய ஒரு வாட்டி எறக்கிட்டா அப்புறம் தூக்கக் கூடாதுங்க. இப்பத்தான் வடக்குத்து ஊருல ஒரு மூல எங்களுக்குன்னு கெடச்சிருக்கு. வீரனாரு இருந்த எடம் மைன்ஸ் வேலிக்குள்ள, வேப்ப மரத்தோட இன்னும் நின்னுகினுதான் இருக்கு. திங்கக்கெழம காலைல மெஷின் அங்க வருதாம். அதுக்குள்ள அவரு காலடில ஒரு புடி மண்ணு எடுத்துக்க எங்கள உள்ள வுடணும். அவ்ளோதாங்க."

"சூலம்தான் இருக்கே, பாவாடை?"

"மண்ணு இல்லாட்டி அது வெறும் இரும்பு சார்."

இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஊர்ச் சுடலைமாடனும் பழைய கோயிலின் பிடிமண்ணாக வந்து இறங்கியவர்தான். "நாளைக்குப் பெரியவங்க எல்லாரும் முன்வரிசைல இருப்பாங்க. நீ சொன்னத அப்படியே படிச்சிடறேன்" என்று வாக்குக் கொடுத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. மனு சபையில் ஏறப்போகிறது என்ற சந்தோஷம்.

மறுநாள் காலை ஆபீஸில் டைப் அடித்தேன். ஊர், தெரு, வீரனார், வடக்குத்து, எல்லாம் சரியாகத்தான் வந்தன. மண் கேட்கிற இடத்தில் விரல் நின்றுவிட்டது. வெளிநாட்டுக்காரர்கள் முன்னால் மேடையில் மனுப் படிப்பதா? நிர்வாகத்தைச் சபையில் நிற்க வைத்த ஸ்டெனோவுக்கு யார் பெர்மனென்ட் தருவார்கள்? காகிதத்தை உருவிப் போட்டுவிட்டு வேறு ஒன்றில் இப்படி முடித்தேன்: 'என் சாமி அந்த மண்ணில் இல்லை. என்னோடு புறப்பட்டு வந்து என் நெஞ்சில் குடியிருக்கிறார்.'

அடடா, என்ன வரி! அடித்துவிட்டு நானே இரண்டு தடவை படித்து ரசித்தேன், வெட்கங்கெட்டவன். மண் விஷயத்தை ஞாயிற்றுக்கிழமை சாரிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று மனசுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

மன்றம் நிரம்பியிருந்தது. என்ஜினீயர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள். பாவாடை வெளுத்த வேட்டியில் மேடை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி வீராயி கடைசிக் கதவோரம் நின்றாள். பேராசிரியை ஒரு மணி நேரம் பேசினார். பிறகு நான் எழுந்து வாக்குமூலத்தைப் படித்தேன். இங்கிலீஷுக்கு நடுவில் வீரனார், வடக்குத்து என்ற பெயர்கள் வரும்போதெல்லாம் பாவாடை 'ஆமாம், ஆமாம்' என்று தலையாட்டினார். கடைசி வரி முடிந்ததும் கைதட்டல் ஓயவே இல்லை. இருபத்திரண்டு பேரும் நோட்டில் எழுதினார்கள். "நான் ஒரு மணி நேரம் பேசியதை இவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்" என்றார் அந்த அம்மாள்.

அதன் பிறகு நடந்ததுதான் என்னைக் கொன்றது. மேடையில் இருந்தவர்களுக்கெல்லாம் மன்ற வழக்கப்படி தாம்பூலம் கொடுத்தார் சிங்காரவேலு சார். பித்தளைத் தட்டில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், இரண்டு வாழைப்பழம். சாருக்கு அது வெறும் மரியாதை. பாவாடை தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, குனிந்து இரண்டு கையாலும் வாங்கினார். அவர்கள் தெருவில் சபையில் ஒரு காரியத்தைக் கேட்டு, பெரியவர் வெற்றிலை கொடுத்துவிட்டால் அது வாக்கு. எங்கள் பக்கத்திலும் அப்படித்தான், கல்யாணமே அதில் முடிகிறது. கதவோரம் வீராயி தலைக்கு மேல் கை கூப்பியதைப் பார்த்தேன். எல்லாம் புரிந்தது. புரிந்தும் கையிலிருந்த காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

"ஒங்க புள்ள குட்டி நல்லா இருக்கணும் சார்" என்று வாசலில் சொல்லிவிட்டுப் போனார் பாவாடை.

ஞாயிற்றுக்கிழமை சார் விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு சிதம்பரம் போய்விட்டார். எனக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

திங்கட்கிழமை விடிந்ததும் மனசு கேட்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு மைன்ஸ் கேட்டுக்குப் போனேன். பாவாடை குளித்து, திருநீறு பூசி, மஞ்சள் துணியோடு நின்றார். வீராயி கையில் புதுப் பானை. காவலாளி பாஸ் கேட்டுக்கொண்டிருந்தார். பாவாடை மடியைப் பிரித்து அந்த வெற்றிலையைக் காட்டினார். "பெரிய அய்யா சபையில குடுத்தது. வேணும்னா இவரைக் கேளுங்க."

காவலாளி சிரித்தார். நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு சாரின் பங்களாவுக்கு மிதித்தேன்.

சார் காபி குடித்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். "ஒரு பிடி மண்ணு, இவ்வளவுதானா? அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ஜீப் அனுப்பியிருப்பேனே. ஏன்யா சொல்லல?" என்றார். நான் பயந்து செத்த விஷயம் அவருக்கு அரை மணி நேர வேலை. உடனே போன் செய்தார், ஜீப்பும் கொடுத்தார். ஆனால் காலை ஷிப்ட் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. கேட்டில் நின்ற இருவரையும் ஏற்றிக்கொண்டு உள்ளே போனபோது வேப்ப மரம் சாய்ந்து கிடந்தது. அது நின்ற இடத்தில் பள்ளம்தான் இருந்தது. மண் வெட்டும் மெஷினின் வாளிச் சக்கரம் அதற்கும் அப்பால் போய்ச் சுற்றிக்கொண்டிருந்தது.

வெட்டிய மேல்மண் பெல்ட்டில் ஏறிப் போய், தூரத்தில் மலையாகக் குவிகிற இடத்துக்குப் போனோம். விழுந்துகொண்டே இருந்தது. சிவப்பு, வெள்ளை, களிமண் எல்லாம் ஒன்றாகக் கலந்து விழுந்தன. பாவாடை குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"இதுல எங்க மண்ணு எது சார்?"

யாருக்குத் தெரியும்?

அவர் மடியிலிருந்து வாடிய வெற்றிலையை எடுத்து என்னிடம் நீட்டினார். "இத அய்யாகிட்டயே திருப்பிக் குடுத்துடுங்க. அவரு வாக்குத் தவறிட்டாருன்னு நாளைக்கு எங்காளுங்க யாரும் பேசக் கூடாது. பெரிய மனுசன்."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "அவர் வாக்கே கொடுக்கலை, பாவாடை. நீ மண்ணு கேட்டத நான் படிக்கவே இல்லை. பயந்துட்டேன்" என்றேன். அழுகை வந்தது. வந்து என்ன பிரயோசனம்?

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார்.

"அப்போ அத்தினி பேரு எதுக்கு சார் கை தட்டுனாங்க?"

அந்த வரியைத் தமிழில் சொன்னேன். சொல்லச் சொல்ல நாக்குக் கூசியது. சாமி மண்ணில் இல்லை, நெஞ்சில் குடியிருக்கிறார்.

பாவாடை என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நெஞ்சுல இருந்தா நான் ஏன் சார் மண்ணு கேக்கப் போறேன்?"

வீராயி காலிப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அவர் மஞ்சள் துணியை உதறி மடித்துக்கொண்டு அவள் பின்னால் போனார். ஜீப்பில் ஏறச் சொன்னேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.