அக்கா சேர்த்துச் சொன்ன சாட்சி

ஊரிலிருந்து சபையார் வருகிறார்கள் என்றால் அந்த வீட்டில் முதலில் மாறுவது கட்டில் விரிப்புகள். அடுத்தது குளியலறைக் குழாய். வருஷம் தவறாமல் அதன் கசிவை அடைப்பார்கள்; வந்தவர்கள் விமானம் ஏறிய கையோடு அது மறுபடி கசியும். விருந்தாளி யார், வீட்டாள் யார் என்று குழாய்க்குக்கூடத் தெரிந்திருக்கிறது என்பார் அண்ணன்.

அண்ணனும் அக்காவும் கணவன் மனைவி. பிள்ளைகள் அப்படிக் கூப்பிட்டுப் பழகிவிட்டதால், வருகிறவர்கள் முதல் நாள் கொஞ்சம் திகைத்துத்தான் போவார்கள். மிஷனரிகளாக இருவரும் கடல் கடந்து வந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது. பஸ் டெப்போவுக்குப் பின்னால் ஒரு மாடி வீடு. தாய் தகப்பனை இழந்த வாலிபப் பிள்ளைகள் படிப்பிலோ வேலையிலோ நிலைக்கும்வரை அங்கே கூட இருப்பதுதான் ஊழியம். கேட்பதற்குப் பெரிதாக இருக்கும். நடைமுறையில், அதிகாலை ஷிஃப்டுக்குப் போகிறவனை உலுக்கி எழுப்புவது, தொழிற்பள்ளி வாத்தியாரிடம் போய்க் கைகட்டி நின்று மன்னிப்புக் கேட்பது, யாருடைய துண்டை யார் ஈரமாக்கினார் என்று பஞ்சாயத்துப் பண்ணுவது. மாலை ஜெபத்தில் கண்ணை மூடினால் அக்காவுக்குத் தூக்கம் சொக்கும். எல்லோரும் ஆமென் சொல்லும்போதுதான் விழிப்பாள்.

இந்த முறை வருகிறவர் புதிய போதகர். வீட்டைத் தொடர்ந்து நடத்துவதா, மூடிவிட்டு வேறு இடம் பார்ப்பதா என்று கண்டு சொல்லும் பொறுப்பு அவருடையது. அதனால் ஞாயிறு ஆராதனையில் நல்ல சாட்சி ஒன்று வேண்டும். பிள்ளைகளில் ஒருவர் எழுந்து தன் வாழ்க்கையைத் தன் மொழியில் சொல்ல, அக்கா அதைத் தமிழில் சொல்வது வழக்கம். வந்த பெண்கள் கைக்குட்டையை எடுப்பார்கள். மூன்று வருஷமாகச் சாட்சி சொல்கிறவள் 'வாலு' என்ற பட்டப்பெயர் கொண்ட பெண். தையல் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் தன் சித்தி வீட்டுக்கே போகிறாள்.

சனிக்கிழமை சமையலறையில் அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே, நாளைக்கு நீதான் என்று அவள் மொழியில் சொன்னாள். தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த வாலு தமிழில் பதில் சொன்னாள்.

"சொல்றேன் அக்கா. ஆனா நீங்க எதையும் சேத்துச் சொல்லக் கூடாது."

அக்காவின் கை அப்படியே நின்றது. "உனக்கு எப்படித் தமிழ்..."

"நீங்களும் அண்ணனும் சண்டை போட்டுப் போட்டே சொல்லிக் குடுத்துட்டீங்க."

இத்தனை வருஷமும் தமிழ்தான் அவர்களுக்குக் கதவுள்ள ஒரே அறை. பிள்ளைகளை எதிரே வைத்துக்கொண்டே அவர்களைப் பற்றிப் பேசியதும், ஊருக்கே திரும்பிவிடலாம் என்று அக்கா அழுததும் எல்லாம் அந்த அறைக்குள் நடந்தவை. சேதி கேட்டு அண்ணன் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நம்ம பையன்கள்ல பெரியவனுக்கும் தெரியுமா?"

"தடிமாடுன்னு திட்டினா உடனே திரும்பிப் பாக்குறானே அண்ணா. நீங்க கவனிச்சதே இல்லையா?"

அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அக்கா சிரிக்கவில்லை. என்ன சேர்த்தேன் என்று கேட்டாள். வாலு தட்டைக் கீழே வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். போன வருஷம் சாட்சி முடிந்ததும் சித்தி ஒரு பை நிறையப் பழம் கொண்டுவந்து வந்தவர்களுக்கு நீட்டினாள். ஒருத்தர்கூட வாங்கவில்லை. ஒரு அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பஸ் ஏற்றிவிடப் போனபோது சித்தி கேட்டாளாம், நான் எதைத் திருடிட்டேன்னு இப்படிப் பார்க்கிறாங்க என்று. அதற்கு வாலுவிடம் பதில் இருந்தது. சொல்ல வாய் வரவில்லை.

அக்காவின் சாட்சியில் சித்தி, மழை பெய்த நாளில் பிள்ளையை வாசலில் தள்ளிவிட்டுத் திரும்பியும் பாராமல் போன கல்நெஞ்சக்காரி. ஒவ்வொரு வருஷமும் அந்த மழை கொஞ்சம் கூடுதலாகப் பெய்தது.

"நான் பொய் சொல்லலடி. மழை பெஞ்சுது. அவ திரும்பிப் பாக்கல. கேக்குறவங்க மனசு இளகணும்னு... இந்த வீடு நடக்கணுமே."

"தெரியும் அக்கா. எங்களுக்காகத்தான் சொன்னீங்க. ஆனா நாளைக்கும் சித்தி வருவாங்க. நான் இனிமே அவங்க கூடத்தான் இருக்கப் போறேன்."

அக்கா மீதி வெங்காயத்தையும் உரித்து முடித்தாள். பிறகு விரிப்பு மடிக்கும்போது அண்ணனிடம், உள்ளபடி சொன்னால் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும், போதகர் என்ன நினைப்பாரோ என்றாள். முடிந்தால் முடியட்டும், எனக்கும் முதுகு வலிக்கிறது என்றார் அவர். அவர் சொன்னது சாட்சியையா, வீட்டையா என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு சண்டை போட வேண்டும். இப்போது அதைப் போட அறையும் இல்லை.

மறுநாள் கீழ்க்கூடத்தில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. போதகர் முன்வரிசையில், கைகளை மடிமேல் கோத்துக்கொண்டு இருந்தார். போன வருஷம் முகம் திருப்பிய அம்மா கைக்குட்டையை மடித்துத் தயாராக வைத்திருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை பார்த்துவிட்டு நேரே வந்த சித்தி, கடைசி நாற்காலியில், மடியில் பழப்பையோடு.

வாலு எழுந்து பேசினாள். அக்கா வரிக்கு வரி தமிழில் சொன்னாள். அம்மா இறந்ததும் சித்தி எடுத்து வளர்த்தாள். ஒரே அறை, சித்தியின் பிள்ளைகள் இரண்டு பேர். படிப்பு நின்றுவிடும் போலிருந்ததால் சித்தி இந்த வீட்டைத் தேடி வந்தாள். மழை வந்த இடத்தில் அக்காவின் குரல் தானாகவே தழைந்தது. நாக்குக்குப் பழகிய பாதை அது.

"அந்த மழையில, ஆதரவில்லாத இந்தப் பிள்ளையைத் தள்ளிவிட்டுட்டு..."

"நான் அதைச் சொல்லல அக்கா," என்றாள் வாலு, தமிழில்.

போதகரின் கோத்த கைகள் பிரிந்தன. அக்கா ஒருமுறை கடைசி நாற்காலியைப் பார்த்தாள். ஒன்றும் புரியாத சித்தி, தன்னைப் பார்க்கிறாள் என்பதற்காகச் சிரித்தாள்.

"ஆமா. அவ சொல்லல, நான்தான் சேத்தேன். போன வருஷமும், அதுக்கு முந்தியும் நான்தான்." அக்கா போதகர் பக்கம் திரும்பினாள். "அவ சொன்னது இது: சித்தி திரும்பிப் பாக்காமப் போனாங்க. பாத்திருந்தா நான் பின்னாலேயே ஓடியிருப்பேன்னு அவங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வந்து பாத்தாங்க."

சாட்சி அவ்வளவுதான். யாரும் அழவில்லை. மடித்த கைக்குட்டை மடித்தபடியே பைக்குள் போயிற்று.

டீ நேரத்தில் போதகர் அக்காவைத் தனியே கூப்பிட்டார். "ஊர்ல போய் இதை நான் எப்படிம்மா சொல்றது?"

"நடந்தபடிதான் ஐயா. எனக்கும் இனிமே வேற மாதிரி சொல்லத் தெம்பில்ல."

அவர் தலையாட்டினார். சம்மதமா, கவலையா என்று தெரியவில்லை. வீட்டைப் பற்றி ஊருக்குப் போய்த்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டு டம்ளரை வைத்தார்.

அக்கா படியில் போய் உட்கார்ந்தாள். கூடத்தின் மறுகோடியில் அந்த அம்மா சித்தியிடம் போய் ஏதோ இரண்டு வார்த்தை சொல்வதும், பழம் ஒன்றை எடுத்துக்கொள்வதும் தெரிந்தது. நடுவில் வாலு நின்று சித்திக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு வார்த்தைக்கு அவள் பேசியது ரொம்ப நீளம். கேட்கக் கேட்கச் சித்தியின் முகம் மலர்ந்துகொண்டே போயிற்று.

என்ன சேர்க்கிறாள் என்பது அக்காவின் காதுக்கு எட்டவில்லை. எழுந்துபோய்க் கேட்கக் காலும் வரவில்லை.