மகளின் அம்மையும் மகளின் ஓட்டமும்

எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு நோய் வந்தால் பெற்றவர்கள் வாங்கிக்கொள்ளலாம். ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போதே தலைமை ஆசிரியை பாக்கியம் டீச்சர் எங்களையெல்லாம் மரத்தடியில் உட்காரவைத்து முறையைச் சொல்லிவிடுவார். பிள்ளையின் கையைப் பிடித்து, "குடு" என்று கேட்க வேண்டும். பிள்ளை "இந்தா" என்றதும் நோய் இந்தப் பக்கம் வந்துவிடும். ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு நோயைத்தான் வைத்திருக்கலாம். பேன், சொத்தைப்பல், வீட்டுப்பாடம் எழுதாத அன்றைக்கு வரும் வயிற்றுவலி, இவற்றை வாங்க முடியாது. மற்றபடி கை கழுவுவது, நகம் வெட்டுவது, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பது எல்லாம் மற்ற பள்ளிகளில் சொல்வதுதான்.

ஒன்றை மட்டும் டீச்சர் அழுத்திச் சொல்வார். நோய் வந்ததும் கையை விட்டுவிட வேண்டும். "பாசத்துல பிடிச்சுக்கிட்டே நின்னா, கூட வேற எதாவது வந்துரும். வந்தது வந்ததுதான். திருப்பிக் குடுக்க முடியாது, பாத்துக்கிடுங்க."

எதிர்வீட்டு மாடசாமி இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மகனின் சளியை வாங்கியவர், ஐயோ என் ராசா என்று கையை விடாமல் நின்றார். சளியோடு பதினாறாம் வாய்ப்பாடும் வந்துவிட்டது. இப்போது பையன் பதினைந்திலிருந்து பதினேழுக்குத்தான் போவான். கணக்குப் பாடவேளையில் மாடசாமி மளிகைக் கடையைச் சாத்திவிட்டு வகுப்பு ஜன்னலோரம் போய் நிற்பார். பையன் திரும்பிப் பார்த்தால் சொல்லிக்கொடுப்பார். கணக்கு வாத்தியாரும் அவருக்கு ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார்.

நான் அப்படி ஏமாறுகிற ஆள் இல்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். லாரி டயரைத் தனியாளாகக் கழற்றி மாட்டுவேன். என் மகள் உலகம்மாள் ஆறாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து அவளுக்கு வந்த காய்ச்சல் ஒன்றைக்கூட அவளிடம் தங்கவிட்டதில்லை. சும்மா சொல்லக்கூடாது, நோய் வாங்குவதில் இந்தத் தெருவில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தொட்டேன், வாங்கினேன், விட்டேன். பாக்கியம் டீச்சரே பெற்றோர் கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, "இவரைப் பாத்துக் கத்துக்கிடுங்க" என்றிருக்கிறார். அன்றைக்கு மாடசாமியின் மூஞ்சியைப் பார்க்க வேண்டுமே!

பிள்ளையின் நோய் என்பதால் அதற்குப் பிள்ளைக் குணம் இருக்கும். ஆஸ்பத்திரியில் எனக்கு ஆரஞ்சு வாசனை சிரப்தான் எழுதுவார்கள். மூடியில் அளந்து குடிக்க வேண்டும். ஊசி என்றால் அழுகை வரும். அழுதிருக்கிறேன், அதில் என்ன வெட்கம்? என் மனைவி கோமதி மடியில் சாய்த்துக்கொள்வாள். பன் வேண்டும் என்று கேட்பேன், வாங்கித் தருவாள்.

உலகு எட்டாம் வகுப்புக்கு வந்ததும் நானூறு மீட்டர் ஓட்டத்தில் மாவட்டப் போட்டிக்குத் தேர்வானாள். எங்கள் பள்ளியிலிருந்து அதுவரை ஒருவரும் மாவட்டத்துக்குப் போனதில்லை. விடிகாலையில் குளத்துக் கரையில் அவள் ஓட, நான் சைக்கிளில் பின்னாலேயே போவேன். அவள் முதுகையும் பின்னலையும்தான் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை முன்னால், ஓட்டம் முடிகிற கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, அவள் என்னை நோக்கி ஓடி வருவதைப் பார்க்க வேண்டும். அந்த ஆசைக்காகவே ஒரு வெள்ளைச் சட்டை தைத்து வைத்திருந்தேன். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சட்டையைப் பற்றியும் சொன்னேன்.

போட்டிக்கு முந்தின நாள் காலையில் உலகுவின் கழுத்தில் முத்து முத்தாக இருந்தது. கோமதி பார்த்துவிட்டுப் போய் வேப்பிலை ஒடித்து வந்து வாசலில் செருகினாள். அம்மையை அப்படித்தான் வாங்க வேண்டும், முதலில் வேப்பிலை, பிறகுதான் கை.

"நான் வாங்கிக்கிட முடியாதே" என்று சொல்லிவிட்டு கோமதி இருமினாள். மகளின் வறட்டு இருமல் அந்த வாரம் அவளிடம் இருந்தது. இருமலோடு கூட்டத்துக்குள் போகக் கூடாது என்பதும் பள்ளியின் விதி. ஆக, அவளும் மைதானத்துக்குப் போக முடியாது.

உலகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"தர மாட்டேன். நீங்க சட்டை தைச்சிருக்கீங்க."

"ஏட்டி, சட்டை எங்க ஓடிரப் போவுது? கையைக் குடு."

"நான் போகல. நீங்களும் வராம நான் எதுக்கு ஓடணும்?"

எனக்குக் கோபம் வந்தது. "நீ ஓடுவன்னு ஊரெல்லாம் சொல்லிருக்கேன். என் மானத்தை வாங்கிராத" என்று கத்தினேன். அவள் மெதுவாகக் கையை நீட்டினாள். குடு என்றேன். இந்தா என்றாள். வாங்கியதும் விட்டுவிட்டேன். அவள் கழுத்து துடைத்துவிட்டதுபோல ஆனது. என் கழுத்து அரிக்கத் தொடங்கியது.

மறுநாள் விளையாட்டு ஆசிரியை ஜெபமணி டீச்சர் வேப்பிலையைப் பார்த்து வாசலிலேயே நின்று அவளை அழைத்துக்கொண்டு போனார். நான் பாயில் வேப்பிலை மேல் படுத்திருந்தேன். வெள்ளைச் சட்டை கொடியில் தொங்கியது. என் பெண் மாவட்டத்தில் ஓடுகிறாள் என்று பெருமை நெஞ்சு நிறைய இருந்தது. பார்க்க முடியவில்லையே என்ற துக்கமும் அதே நெஞ்சில்தான் இருந்தது. பிள்ளை நோய் அல்லவா, இரண்டுக்கும் சேர்த்து விம்மி விம்மி அழுதேன். கோமதி இருமிக்கொண்டே இளநீர் வெட்டிக்கொடுத்தாள்.

சாயங்காலம் உலகு வந்தாள். காலைக் கழுவிவிட்டு உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கழுத்தில் மெடல் தொங்கியது. முதல் பரிசு.

"எப்படிட்டி ஓடுன? ஒண்ணு விடாமச் சொல்லு."

"நல்லா ஓடினேன்" என்றாள். பிறகு, "சொன்னா நல்லா இல்லப்பா. குடுன்னு கேளுங்க" என்று என் கையைப் பிடித்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஓட்டம் நோய் இல்லை, அதனால் அம்மை இருக்கும்போதே அதை வாங்க விதியில் இடம் இருந்தது. கையை விடாமல் பிடித்துக்கொண்டால் போதும். ஆனால் வாங்கினால் அவளிடம் இருக்காது.

"வேண்டாம்ட்டி. மாடசாமி மவன் கதை தெரியும்லா? அது உன்கிட்டயே இருக்கட்டும்."

"மெடல் என்கிட்ட இருக்குல்லா. ஓட்டம் உங்ககிட்ட இருக்கட்டும்."

கையை இழுத்துப் பார்த்தேன். லாரி டயரைக் கழற்றுகிற கை இது, அவள் பிடியிலிருந்து வரவில்லை. கோமதி அடுப்படி வாசலில் நின்று எங்கள் இருவரையும் பார்த்தாள். "கேளுங்களேன், பிள்ளை ஆசையா குடுக்கா" என்றாள்.

குடு என்றேன்.

"இந்தா" என்றாள், கையை விடவில்லை. நானும் விடவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் விசில் வந்தது. பிறகு வெயில். பிறகு என் தொடை இரண்டும் தீப்பிடித்தன. பாயில் மல்லாந்து கிடந்தபடியே மூச்சிரைத்தேன். வேப்பிலை நாலாபக்கமும் பறந்தது. கடைசி வளைவில் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஆட்கள் நின்றார்கள், என் கண்கள் அங்கே ஒரு வெள்ளைச் சட்டையைத் தேடின. வர முடியாது என்று தெரிந்தும் தேடின. இல்லை என்றதும் இன்னும் வேகமாக ஓடினேன்.

எல்லாம் வந்து முடிந்ததும் உலகு கையை விட்டாள். என் உள்ளங்கால் இரண்டிலும் மைதானத்துச் செம்மண் அப்பியிருந்தது. கோமதி ஈரத்துணி கொண்டுவந்து, பாயெல்லாம் மண்ணாகிறது என்று முணுமுணுத்தபடி துடைத்துவிட்டாள்.

உலகு மெடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுவரில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"எப்பா, நான் எப்படி ஓடினேன்?"

நான் கொடியிலிருந்த வெள்ளைச் சட்டையை எடுக்கச் சொல்லிப் போட்டுக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன்.

"மொத வளைவுல நீ நாலாவதா வந்தட்டி" என்று சொல்ல ஆரம்பித்தேன்.