சுழியத்தில் ஒரு வீடு

1

இக்கதை ஒரு பிழையில் பிறந்தது. அப்பிழை முதலில் என்னுடையது. ஒரு பட்டியலைச் சுழியத்திலிருந்து எண்ணி எழுதினேன். லுவா என்னும் நிரல்மொழியோ ஒன்றிலிருந்து எண்ணும். (ரியோ நகரத்தார் ஆக்கிய அம்மொழிக்கு அவர்கள் இட்ட பெயரின் பொருள் நிலவு.) சுழியத்தில் வைத்ததை அது அழிக்காது, கடிந்துகொள்ளாது, ஓசையின்றித் தாண்டிப் போய்விடும். என் பிழையால் எவர்க்கும் தீங்கில்லை. ஆதலால் அதை என் கதைமாந்தர் அடெமாரிடம் கொடுத்தேன்.

2

‘மழை பெய்துகொண்டிருந்த ஒரு —’

விட்டுவிட்டேன். ரியோவை அடுத்த எங்கள் மலைச்சரிவில் ஜனவரிப் பிற்பகல் மழை ஒரு செய்தியன்று.

ஆற்றையொட்டி மேலேறும் சந்தின் அடிவீட்டில் அடெமார் தனியே வாழ்கிறார். வானொலி பழுதுபார்த்து ஓய்ந்தவர். பாலத்தில் மூன்றாண்டுக்கு முன் அவர் மாட்டிய பெட்டிக்குள் நகத்தளவு சில்லு ஒன்று உண்டு. பெரிய மொழிகளுக்கு அதனுள் கால் நீட்டவும் இடமில்லை. லுவா முழுதாய்ப் புகுந்தும் இடம் மிச்சம் வைத்தது. ஐந்து நிமிடத்துக்கொருமுறை விழித்து, இமைப்பொழுதில் நீர்மட்டம் அளந்து, மீண்டும் உறங்கும். உள்ளங்கையளவு சூரியத் தகடே அதற்கு உணவு. நீர் ஏறினால் முப்பத்திரண்டு வீடுகளின் தொலைபேசியையும் அழைக்கும்.

முதலில் முழுகும் வீடு தம்முடையது என்பதால், பட்டியலின் தலையில் அதை வைத்தார். தலை என்று அவர் கொண்டது சுழியத்தை.

3

(கருத்துள்ள மனிதர் மூன்றாண்டு இதைக் கவனியாதிருப்பாரா? இந்த ஐயம் என்னை நெடுநாள் நிறுத்திவைத்தது.)

மாதத்தின் முதற் சனிக்கிழமை சோதனை அழைப்பு. மணி அடித்த வீடு சன்னலில் வெள்ளைத் துணி கட்ட வேண்டும். அடெமார் சந்தில் நின்று எண்ணுவார். இம்முறை, சோளமாவுக் கேக் சுட்டு விற்கும் ஜூரேமா மேல்வீட்டிலிருந்து குரல் கொடுத்தாள்:

“என்னண்ணே, உங்க ஜன்னல் மட்டும் மொட்டையா நிக்குது?”

“எண்ணுறவனே நான்தான். எனக்கு நானே துணி காட்டணுமா?”

“எனக்குக் காட்டுங்க. மேலேருந்து நானும் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். துவைக்கச் சோம்பலா, இல்ல வீட்ல இருக்குறதே ஒரு துணிதானா?”

“நான் வெளியில நிக்கிறப்ப அடிச்சிருக்கும், ஜூரேமா.”

“அடிச்சிருக்குமா? அடிச்சுச்சா?”

அவர் சிரித்தார். அவர் வீட்டுத் தொலைபேசி அடிக்காதது அவருக்குப் புதிதன்று, எவரும் அழைப்பதில்லை.

ஆயினும் அக்கேள்வி மதிய உணவின்போது உடன் அமர்ந்தது. நிரலைத் திறந்தார், சுழியத்தைக் கண்டார். திருத்த வேண்டியது ஓர் எண். அதற்குப் பாலம்வரை நனைந்து போகவேண்டும்.

“எனக்கொருத்தனுக்குத்தானே. நாளைக்குப் பாத்துக்கலாம்” என்று சுவரிடம் சொல்லிவிட்டுப் படுத்தார்.

[நூலைக் காக்க முன்னிற்கும் காப்புச் செய்யுளை நூலின் எண்ணில் சேர்க்காத மரபில் வளர்ந்தவன் நான். அவரை நினைக்குந்தோறும் அச்செய்யுளின் தனிமை எனக்கு விளங்குகிறது.]

4

முடிவு அ: மறுநாள் திருத்துகிறார். சோதனையில் மணி அடிக்கிறது. எடுத்தால், “வெளியே வாங்க” என அவர் பதிவுசெய்த குரலே அவரை அழைக்கிறது. இம்முடிவைக் கோடிட்டு அடித்துவிட்டேன். இது மீட்சியன்று.

முடிவு ஆ: அன்றே, நீர் வாசற்படியைத் தாண்டி —

எழுத என் கை இசையவில்லை.

0

(லுவா இப்பகுதியைத் தாண்டிப் போயிருக்கும்.)

அன்று பிற்பகல் நான்கு மணிக்குப் பெட்டி விழித்தது, அளந்தது, அழைத்தது. மக்கள் மேட்டுக் கோயிலுக்கு ஏறினர். நனைந்த தலைகளை ஜூரேமா வீடுவீடாய் எண்ணினாள்.

“முப்பத்தொண்ணு வீடு. கன்னி மாதாவே, கீழ்வீட்டு மனுஷன் எங்க?”

சந்து நீராயிருந்தது. கைப்பேசியில் அவர் எண்ணை அழுத்தினாள். “எடுங்கண்ணே. வம்புக்கு இல்ல, சத்தியமா. எடுங்க.”

கீழே மணி அடிக்கிறது. கட்டிலின் கால்களை நீர் தொட்டுவிட்டது. மூன்றாண்டாக அவ்வீட்டில் அடித்தவை யாவும் எண் மாறி வந்த அழைப்புகள். அடெமார் அரைத்துயிலில் மறுபக்கம் புரள்கிறார்.

எண்ணில் சேராத இவ்விடத்துக்கு வந்திருப்பவர் நீங்கள் ஒருவரே. ஆறாம் முறையாய் மணி அடிக்கிறது. நான் பேனாவை வைத்துவிட்டேன். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.