பிடிக்குள் இருந்த ஈரம்

"கத்திய வெந்நீர்த் தொட்டியில ஊறப் போட்டுட்டு என் பூச்சைக் குறை சொல்லாதே—"

"ஊறப் போடல அண்ணி, சொல்றதக் கேளுங்க—"

"இத்தனை வருஷத்துல ஒரு பிடியாவது—"

"என் கையைப் பாத்துட்டுப் பேசுங்க."

அண்ணி பார்த்தாள். நாத்தனாரின் உள்ளங்கையில் பெரிய கட்டு. தையல் போட்டும் சிவப்பு கசிந்திருந்தது. விடுதிச் சமையலறையில் பூசணிக்காயைப் பிளந்துகொண்டிருந்தபோது கத்தியின் பிடி உடைந்து, அலகு கைக்குள் திரும்பிவிட்டது. அலகு அண்ணன் அடித்தது, பிடி அண்ணி போட்டது. மழைக்காலத்தில் செய்த கத்திகளில் முதல் கத்தி அது. நாத்தனார்தான் வேலைக்கு எடுத்துப்போய்ப் புழங்கிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொன்னாள். அந்தச் சொல்லை நம்பித்தான் மிச்சக் கத்திகள் எல்லாம் இன்று காலை அதே விடுதிக்குப் போயிருந்தன.

கொல்லரான அண்ணன் பட்டறை வாசலில் நின்றார். பெண்டாட்டிக்குப் பேசினால் தங்கை முறைப்பாள், தங்கைக்குப் பேசினால் சோறு தாமதமாகும். மத்தளம் போல இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டு சும்மா நின்றார்.

அண்ணி விடவில்லை. மரத்துக்கு ஆளி விதை எண்ணெயை அது போதும் என்கிறவரை ஊட்டி, நாள்கணக்கில் ஆறவிட்டு, மேலே தேன்மெழுகைச் சூடாகத் தேய்க்கிறவள் அவள். பேச்சிலும் பூச்சிலும் இவளிடம் இடைவெளி கிடையாது என்று கொல்லரே சொல்வதுண்டு. மேசையிலிருந்த புதுப்பிடி ஒன்றை எடுத்து, அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள்.

"பாரு, முத்து மாதிரி நிக்குது. இதுக்குள்ள தண்ணி எப்படிப் போகும்?"

நாத்தனார் இடது கையால் பையைத் துழாவி, துண்டில் சுருட்டிய கத்தியை எடுத்து மேசையில் பிரித்தாள். பிடி ஆணியோரம் இரண்டாகப் பிளந்திருந்தது. அதன் வெளிப்பக்கம் இன்னும் பளபளத்தது. தானும் ஒரு சொட்டு விட்டாள். முத்தாகவே நின்றது.

"மேல முத்து நிக்குது அண்ணி. உள்ள என்ன நிக்குதுன்னு பாருங்க."

உட்புறம் கறுத்திருந்தது. பிடிக்குள் இறங்கும் இரும்பு வால் துருவேறி அரித்துப் போயிருந்தது. கொல்லர் நகத்தால் கிள்ளினார். மரம் நனைந்த ரஸ்க் மாதிரி உதிர்ந்து விரலில் ஒட்டிக்கொண்டது.

காய்ந்த மரம்தான், அடுப்புக்கு மேல் பரணில் கிடந்த மரம்தான் என்று அண்ணி சொல்லத் தொடங்கினாள். சொல்லிக்கொண்டே உள்ளே அடுப்பங்கரையைப் பார்த்தவள், பாதியில் நிறுத்தினாள்.

பரணுக்கு அடியில் கொடிக்கயிறு. கயிற்றில் நாத்தனாரின் வேலைச் சட்டை. மழைக்காலம் முழுக்க அதை அங்கே உலர்த்தியது அண்ணிதான். இந்தப் பெண் முதுகில் ஈரத்தோடு வேலைக்குப் போகக் கூடாதே என்று, யாரும் கேட்காமல் தானாகச் செய்தது.

"தினமும் காலைல உன் சட்டை நல்லா காஞ்சிருக்கும்ல?"

"அப்பளம் மாதிரி இருக்கும். அதுக்கென்ன இப்ப?"

"அந்த ஈரமெல்லாம் எங்க போச்சு?"

மூவரும் பரணைப் பார்த்தார்கள். ராத்திரி அடுப்புச் சூட்டில் சட்டை விட்ட ஆவியெல்லாம் மரத்துக்குள் போய்ப் படுத்திருக்கிறது. அது தெரியாமல் அண்ணி மேலே மெழுகு தேய்த்து, வெளியேறும் வழியையும் அடைத்துவிட்டாள்.

காலையில் போன கத்திகள் எல்லாம் இதே மரமா என்று கொல்லர் கேட்டார். ஆமாம் என்று அண்ணி தலையசைத்தாள். பிறகு நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

"பிடி உடைஞ்சுதுன்னு அங்க சொல்லிட்டுத்தானே வந்தே?"

நாத்தனார் கையிலிருந்த கட்டைப் பார்த்தாள். அங்கே அவள் சொல்லவில்லை. மேற்பார்வையாளர் ஓடிவந்து கேட்டபோது உடைந்த கத்தியைத் துண்டோடு பையில் திணித்துக்கொண்டு, கை வழுக்கிவிட்டது, கத்தியில் ஒரு குறையும் இல்லை என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"வீட்டுக்குள்ள ஆயிரம் கேப்பேன். வெளியாளுங்க முன்னாடி உங்கள விட்டுக்கொடுப்பேனா?"

"பூசணி வெட்டி முடிச்சாச்சா?" என்று அண்ணி கேட்டாள்.

"பாதிதான் ஆச்சு. மிச்சத்த என்கூட வேலை பாக்கற சுருட்டையக்கா வெட்டறா. புதுக் கத்திதான் வேணும்னு எடுத்துக்கிட்டா."

கொல்லர் போனை எடுத்து விடுதிச் சமையலறைக்குப் போட்டார். மணி போய்க்கொண்டே இருந்தது. அண்ணி போனை அவர் கையிலிருந்து வாங்கிக் காதில் வைத்தாள். கடைசியில் யாரோ எடுத்தார்கள். எடுத்தவர் யாரையோ கூப்பிட்டபடி போனை மேடையிலேயே வைத்துவிட்டார் போலிருக்கிறது. குழாய்ச் சத்தம், பாத்திரங்கள் உரசும் சத்தம், அதற்கும் பின்னால் பலகையில் கத்தி இறங்கும் சத்தம். ஒவ்வொரு தடவையும் உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தி இறங்கியது. அண்ணி அந்தச் சத்தத்தை மீறிப் போனுக்குள் கத்தினாள்.

"சுருட்டையக்கா, பிடி போட்டவ பேசறேன். அவ கை வழுக்கல, என் பிடிதான் போச்சு. வெட்டாதீங்க, கத்திய அப்படியே கீழ வைங்க."